காந்த ஒத்ததிர்வுக்கு ஒரு முன்னோட்டம்: கே. எஸ். கிருஷ்ணனின் படிகக் காந்தவியல் ஆய்வுப் பயணம்

ஆய்வுச் சுருக்கம்

இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் பங்குகொண்டவர் என்ற அளவிலேயே கே. எஸ். கிருஷ்ணன் தமிழ்நாட்டில் பெரிதும் அறியப்படுகிறார். 1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா சென்ற பின்னர் அவர் நிகழ்த்திய படிகக் காந்தவியல் ஆய்வுகள் அத்துணை அறியப்படவில்லை. படிகத்தினுள் இருக்கும் அயனியின் காந்தப் பண்பை அதன் சுற்றுப்புறம் எவ்வாறு மாற்றுகிறது என்பதே அவ்வாய்வுகளின் மைய வினா. 1944ஆம் ஆண்டுக்குப் பின் வளர்ந்த காந்த ஒத்ததிர்வு முறைகள் இதே வினாவுக்கு மேலும் நுட்பமான விடைகளை அளித்தன. கிருஷ்ணனின் அளவீட்டு முறை, அதனால் பெறப்பட்ட முடிவுகள், அதன் வரம்புகள், ஒத்ததிர்வு முறை அவ்வரம்புகளைக் கடந்த விதம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: காந்தத் திசையொப்பின்மை, காந்த ஏற்புத்திறன், படிகப் புலம், எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வு, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, வேதிப் பெயர்ச்சி.

முன்னுரை

பொருளறிவியல் துறையில் இன்று ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் ஒருவர் நீர்க்கரைசலிலிருந்து மெதுவாக ஆவியாதல் முறையில் ஒற்றைப் படிகத்தை வளர்க்கிறார். அதில் சிறிதளவு தாமிர அயனியையோ வனாடைல் அயனியையோ மாசாகச் சேர்க்கிறார். பின்னர் அப்படிகத்தை எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானியில் வைத்துக் கோணம் கோணமாகத் திருப்பி நிறமாலைகளைப் பதிவு செய்கிறார். படிகத்தை ஏன் திருப்ப வேண்டும்? திசைக்குத் திசை மாறும் நிறமாலையிலிருந்து எதை அறியலாம்? இவ்வினாக்களுக்கான விடை நிறமாலைமானியின் வரலாற்றோடு மட்டும் தொடங்குவதன்று. அக்கருவி தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே, ஒரு மெல்லிய குவார்ட்சு இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு இதே வினாவை எழுப்பியவர் கிருஷ்ணன்.

கிருஷ்ணன் ஒத்ததிர்வு ஆய்வில் ஈடுபட்டவர் அல்லர். ஒத்ததிர்வின் கண்டுபிடிப்பு அவருடைய பணியிலிருந்து நேராகக் கிளைத்தது என்றும் கொள்வதற்கில்லை. ஆயினும் அவ்வாய்வு எந்தப் படிகங்களைக் கையில் எடுத்ததோ, எந்தக் கோட்பாட்டால் தன் முடிவுகளை விளக்கியதோ, அவற்றுள் பல அவருடைய அளவீடுகளால் முன்னரே ஆராயப்பட்டவை. இத்தொடர்பை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வத்திராயிருப்பிலிருந்து டாக்கா வரை

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் பிறந்தார். வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பயின்று, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் உயர்கல்வி பெற்றார். கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராகச் சில காலம் பணியாற்றினார். வேதியியலில் பெற்ற இப்பயிற்சி, பின்னாளில் மூலக்கூறுகளின் வடிவம் பற்றிய அவருடைய இயற்பியல் ஆய்வுகளுக்குத் துணைநின்றது எனலாம். தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி உண்டு.

1923 முதல் கல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. இராமனுடன் ஆய்வு செய்தார். ஒளிச் சிதறல் பற்றிய அவ்வாய்வுகளின் உச்சமாக, இருவரும் இணைந்து எழுதிய புதியவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு பற்றிய குறிப்பு 1928 மார்ச் 31ஆம் நாளைய நேச்சர் இதழில் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டபோது கிருஷ்ணன் கல்கத்தாவில் இல்லை. 1928 டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியராகப் பொறுப்பேற்றிருந்தார். சத்யேந்திரநாத் போஸ் அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த காலம் அது.

புகழ்பெற்ற ஒரு துறையை விட்டு, படிகங்களின் காந்தப் பண்பு என்னும் வேறொரு துறைக்கு அவர் சென்றது திடீர் மாற்றம் போலத் தோன்றலாம். உண்மையில் இதில் ஒரு தொடர்ச்சி உண்டு. ஒரு நீர்மத்தை வலிமையான காந்தப் புலத்தில் வைத்தால் அது ஒளியை இரட்டை விலகலுக்கு உட்படுத்துகிறது. மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் காந்தமேற்பதாக இருப்பின் இவ்விளைவு தோன்றுவதற்கு இடமில்லை. 1927ஆம் ஆண்டளவில் இராமனும் கிருஷ்ணனும் இவ்விளைவை ஆராய்ந்தபோது, மூலக்கூறின் காந்தத் திசையொப்பின்மையை அறிய வேண்டிய தேவை எழுந்தது. நீர்மத்தில் மூலக்கூறுகள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் அதனை நேராக அளக்க இயலாது. அவை ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ள படிகத்தில் இயலும். ஒளியியலிலிருந்து காந்தவியலுக்குச் சென்ற பாதை இதுவே.

2. திசையொப்பின்மை என்னும் வினா

ஒரு பொருளைக் காந்தப் புலத்தில் வைக்கும்போது அது எந்த அளவு காந்தமேற்கிறது என்பதைக் குறிப்பது காந்த ஏற்புத்திறன். கண்ணாடி, நீர் போன்றவற்றில் எத்திசையில் அளந்தாலும் இம்மதிப்பு மாறுவதில்லை. பெரும்பாலான படிகங்களிலோ, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முதன்மை அச்சுகளில் இம்மதிப்புகள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடே காந்தத் திசையொப்பின்மை எனப்படும்.

இவ்வேறுபாடு பெரும்பாலும் மிகச் சிறிது. ஒவ்வோர் அச்சிலும் ஏற்புத்திறனைத் தனித்தனியே அளந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், அளவீட்டுப் பிழை விடையையே விழுங்கிவிடும். வேறுபாட்டை நேரடியாக அளக்கும் முறை ஒன்று தேவைப்பட்டது. கிருஷ்ணனின் முதற்பங்களிப்பு இங்குதான் அமைகிறது.

3. குவார்ட்சு இழையும் திருப்பு விசையும்

சில மில்லிகிராம் எடையுள்ள சிறு படிகம் ஒன்று மெல்லிய குவார்ட்சு இழையின் நுனியில் ஒட்டப்பட்டு, சீரான கிடைமட்டக் காந்தப் புலத்தில் தொங்கவிடப்படுகிறது. இழையின் மேல்முனை, கோணம் குறிக்கப்பட்ட சுழல்தலையோடு இணைக்கப்பட்டிருக்கும். புலம் செயற்படும்போது, கிடைமட்டத் தளத்தில் ஏற்புத்திறன் மிகுந்த அச்சு புலத்தின் திசையை நோக்கித் திரும்ப முயல்கிறது. படிகத்தின் மீது செயற்படும் இத்திருப்பு விசை, அத்தளத்தில் உள்ள இரு ஏற்புத்திறன்களின் வேறுபாட்டுக்கும் புலச் செறிவின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். தனித்தனி ஏற்புத்திறன்கள் கணக்கில் நுழைவதேயில்லை. வேறுபாடு மட்டுமே அளக்கப்படுகிறது.

திருப்பு விசையை அளக்க அவர் கையாண்ட உத்தி எளிமையானது. அச்சு புலத்தின் திசையில் நிற்கும்போது இழையில் முறுக்கம் இல்லாதவாறு முதலில் சரிசெய்யப்படுகிறது. பின்னர் சுழல்தலை மெல்லத் திருப்பப்படுகிறது. இழை படிகத்தைத் தன்னோடு திருப்ப முயல, புலம் அதனை இழுத்துப் பிடிக்கிறது. படிகத்தின் அச்சு புலத்தோடு 45° கோணத்தை அடையும்போது புலத்தின் பிடி உச்ச மதிப்பை எட்டுகிறது. அதற்கு மேலும் முறுக்கினால், இழையின் விசையை ஈடுசெய்யப் புலத்தால் இயலாது. படிகம் சட்டெனச் சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் சுழல்தலை காட்டும் கோணம், இழையின் முறுக்க மாறிலி, படிகத்தின் நிறை, புலச் செறிவு ஆகிய நான்கும் தெரிந்தால் திசையொப்பின்மை கிடைத்துவிடுகிறது.

இம்முறைக்கு வேண்டியவை ஒரு மின்காந்தம், இழை, நன்கு வளர்ந்த படிகம், பொறுமை ஆகியவையே. படிகத்தை வெவ்வேறு முகங்களில் ஒட்டி மீண்டும் மீண்டும் அளந்து, மூன்று அச்சுகளுக்கும் உரிய வேறுபாடுகள் கணக்கிடப்பட்டன. டாக்காவில் பி. சி. குஹா, எஸ். பானர்ஜி, என். சி. சக்கரவர்த்தி ஆகியோருடன் இணைந்து கிருஷ்ணன் செய்த இவ்வாய்வுகள், டயா காந்தப் பொருள்கள் பற்றி ஒன்றும் பாரா காந்தப் பொருள்கள் பற்றி மற்றொன்றுமாக, இலண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழில் 1933ஆம் ஆண்டு வெளிவந்தன. அதே ஆண்டில் அவர் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்கு மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார்.

4. டயா காந்தப் படிகங்கள்: மூலக்கூறின் கிடக்கை

நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற அரோமேட்டிக் படிகங்களில் மூலக்கூறுகள் தட்டையான தகடுகளாக அடுக்கப்பட்டுள்ளன. தகட்டின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் டயா காந்தப் பண்பு மிகுதியாகவும், தளத்தினுள் குறைவாகவும் இருப்பதைக் கிருஷ்ணனின் அளவீடுகள் காட்டின.

இதிலிருந்து இருவகைப் பயன் விளைந்தது. மூலக்கூறுகள் படிகத்தில் எவ்வாறு கிடக்கின்றன என்பது எக்சு கதிர் ஆய்வால் தெரிந்திருந்தால், படிகத்தின் அளவீட்டிலிருந்து தனி மூலக்கூறின் திசையொப்பின்மையைப் பெறலாம். மாறாக, மூலக்கூறின் பண்பு தெரிந்திருந்தால், படிகத்தின் அளவீட்டிலிருந்து மூலக்கூறுகளின் கிடக்கையை உய்த்துணரலாம். எக்சு கதிர்க் கணக்கீடுகள் மிக நீண்டு உழைப்பு வேண்டிய அக்காலத்தில், இரண்டாவது வழி கட்டமைப்பு ஆய்வாளருக்குப் பெருந்துணையாக அமைந்தது. படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இணைந்து, படிகத்தின் டயா காந்தத் திசையொப்பின்மைக்கும் மூலக்கூறு அமைப்புக்கும் உள்ள தொடர்பை 1936ஆம் ஆண்டு வகுத்துரைத்தனர்.

கிராஃபைட்டு இவ்வரிசையில் தனித்து நிற்கும் பொருள். அதன் கார்பன் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் டயா காந்த ஏற்புத்திறன் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 22 என்றால் (10⁻⁶ அலகுகளில்), அடுக்கின் தளத்தில் அது ஏறத்தாழ 0.5 மட்டுமே. 40 மடங்குக்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டுக்கு, அடுக்கினுள் கட்டின்றி இயங்கும் எலக்ட்ரான்களே காரணம் என்னும் விளக்கத்தை என். கங்குலியுடன் இணைந்து 1941ஆம் ஆண்டின் கட்டுரையில் அவர் விரித்துரைத்தார். கார்பன் அடுக்கு ஒன்றனைத் தனியே பிரித்து ஆராயும் இன்றைய கிராஃபீன் ஆய்வுகளுக்கு மிக முற்பட்ட காலத்தது இப்பணி.

5. பாரா காந்த உப்புகள்: படிகப் புலத்தின் சான்று

இணையில்லா எலக்ட்ரான்களைக் கொண்ட கோபால்ட்டு, நிக்கல், தாமிரம், மாங்கனீசு முதலிய இடைநிலை உலோக அயனிகளின் உப்புகள் பாரா காந்தப் பண்புடையவை. தனித்திருக்கும் அயனிக்குத் திசை வேறுபாடு இல்லை. ஆனால் படிகத்தில் ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகளோ எதிரயனிகளோ சூழ்ந்துள்ளன. இவை உருவாக்கும் மின்புலமே படிகப் புலம். 1929ஆம் ஆண்டு பெத்தே இதன் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டார். 1932ஆம் ஆண்டு வான் விளெக்கும் அவரைச் சார்ந்தோரும் இதனைக் காந்தப் பண்புகளுக்குப் பொருத்திக் காட்டினர்.

எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனுக்கு அதன் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் காரணமாகின்றன. படிகப் புலம் சுற்றுப்பாதை இயக்கத்தின் பங்கைப் பெரும்பாலும் அடக்கிவிடுகிறது. தற்சுழற்சியை அது நேரடியாகத் தொடுவதில்லை. அடக்கப்படாது எஞ்சும் சுற்றுப்பாதைப் பங்கே, தற்சுழற்சியோடு பிணைந்து, திசையொப்பின்மையைத் தோற்றுவிக்கிறது. எனவே திசையொப்பின்மையின் அளவு, படிகப் புலத்தின் வடிவத்தையும் வலிமையையும் காட்டும் அளவுகோலாகிறது.

கோட்பாடு கூறியவாறே, எண்முகச் சூழலில் உள்ள கோபால்ட்டு உப்புகளில் திசையொப்பின்மை மிகுதியாகவும், நிக்கல் உப்புகளில் குறைவாகவும், சுற்றுப்பாதைத் திருப்புத்திறனே இல்லாத மாங்கனீசு அயனியின் உப்புகளில் மிக மிகச் சிறிதாகவும் இருந்தன. புதிதாகப் பிறந்த ஒரு கோட்பாட்டுக்கு உடனடியாகத் தேவைப்பட்ட செய்முறைச் சான்றுகளை டாக்காவிலும் கல்கத்தாவிலும் செய்யப்பட்ட அளவீடுகள் வழங்கின. ஏ. முகர்ஜி, ஏ. போஸ் ஆகியோர் இப்பணியில் கிருஷ்ணனோடு உழைத்தனர். 1940ஆம் ஆண்டு கிருஷ்ணன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

6. ஒத்ததிர்வின் வருகை

திருப்பு விசை முறைக்கு இரு வரம்புகள் உண்டு. முதலாவது, அது படிகத்தில் உள்ள எல்லா அயனிகளின் கூட்டு விளைவை மட்டுமே தருகிறது. ஓர் அலகுக்கூட்டில் வெவ்வேறு திசைகளை நோக்கிய இரு அயனிகள் இருப்பின், அவற்றின் பண்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டாவது, குறிப்பிட்ட வெப்பநிலையில் நிரம்பியுள்ள ஆற்றல் மட்டங்கள் அனைத்தின் சராசரியே கிடைக்கும். மட்டங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நேரே காண இயலாது.

1944ஆம் ஆண்டு கசான் நகரில் சவோய்ஸ்கி கண்டறிந்த எலக்ட்ரான் பாரா காந்த ஒத்ததிர்வு இவ்வரம்புகளைக் கடந்தது. காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட எலக்ட்ரானின் தற்சுழற்சி இரு ஆற்றல் மட்டங்களாகப் பிரிகிறது. அவற்றின் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண் கொண்ட அலை பாய்ச்சப்படும்போது மட்டுமே ஆற்றல் உட்கவரப்படுகிறது. கட்டற்ற எலக்ட்ரானுக்கு ஒரு டெஸ்லா புலத்தில் ஏறத்தாழ 28 ஜிகாஹெர்ட்சு அலை தேவை. ஆகவே ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் 0.34 டெஸ்லா அளவிலான புலத்துக்கு ஏறத்தாழ 9.5 ஜிகாஹெர்ட்சு நுண்ணலை பொருந்தும். படிகத்தில் உள்ள அயனிக்கு இம்மதிப்பு திசைக்குத் திசை மாறுகிறது. கிருஷ்ணனின் இழையில் முறுக்கமாகத் தென்பட்ட திசையொப்பின்மை, இங்கே உட்கவர் கோட்டின் இடமாற்றமாகத் தென்படுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது ரேடாருக்காக உருவாக்கப்பட்ட நுண்ணலைக் கருவிகள், போருக்குப் பின் ஆக்சுஃபோர்டு முதலிய ஆய்வகங்களில் இத்துறை விரைந்து வளரக் காரணமாயின. 1930களின் இந்திய ஆய்வகங்களில் அத்தகைய கருவிகளுக்கு வழியே இல்லை. கிருஷ்ணனின் அளவீடுகள் எங்கே நின்றனவோ அங்கே நின்றதற்குக் காரணம் வினாவின் குறையன்று; கருவியின் எல்லையே.

7. தாமிர சல்பேட்டு: ஒரே படிகம், இரு முறைகள்

இரு முறைகளுக்கும் உள்ள உறவை மயில்துத்தம் என்று வழங்கும் நீலநிறத் தாமிர சல்பேட்டுப் படிகத்தைக் கொண்டு தெளிவாகக் காணலாம். இதன் எக்சு கதிர் அமைப்பைப் பீவர்சும் லிப்சனும் 1934ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒவ்வொரு தாமிர அயனியையும் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாகவும், மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிசன் அணுக்கள் சற்று விலகியும் அமைந்துள்ளன. அலகுக்கூட்டில் இத்தகைய அயனிகள் இரண்டு உள்ளன. அவற்றின் அச்சுகள் ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்துள்ளன.

கிருஷ்ணனும் முகர்ஜியும் இப்படிகத்தின் திசையொப்பின்மையை அளந்து, அதனை இவ்வமைப்போடு ஒப்பிட்டு, 1936ஆம் ஆண்டிலும் 1938ஆம் ஆண்டிலும் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் நாற்கோணச் சமச்சீர் கொண்ட படிகப் புலம் நிலவுவதாகக் கொண்டால், அளக்கப்பட்ட மதிப்புகள் பொருந்தி வருவதை அவர்கள் காட்டினர்.

1948ஆம் ஆண்டு ஆக்சுஃபோர்டைச் சேர்ந்த பேகுலி, கிரிஃபித்சு ஆகிய இருவரும் இதே படிகத்தை ஒத்ததிர்வு முறையில் ஆராய்ந்தனர். இரு வேறு திசைகளை நோக்கிய அயனிகளுக்கு இரு கோடுகள் தோன்ற வேண்டும். ஆனால் குறைந்த அதிர்வெண்ணில் ஒரே கோடுதான் தோன்றியது. அண்டையில் உள்ள அயனிகளின் தற்சுழற்சிகள் தமக்குள் மிக விரைவாக இடம்மாற்றிக்கொள்ளும் பரிமாற்ற இடைவினையே இதற்குக் காரணம். அதிர்வெண்ணை உயர்த்தியபோது இரு கோடுகளின் இடைவெளி பரிமாற்றத்தின் அளவை மிஞ்சி, அவை பிரிந்து தோன்றின. திருப்பு விசை முறை அயனியின் சுற்றுப்புறத்தைக் காட்டியது. ஒத்ததிர்வு முறை அதனை உறுதிசெய்ததோடு, அயனிக்கும் அயனிக்கும் இடையிலான உறவையும் அளந்து தந்தது. பிந்தைய முறை முந்தையதைப் பொய்யாக்கவில்லை. அதன் மேல் நின்று மேலும் கண்டது.

படிகத்தில் பாரா காந்த அயனியைத் துத்தநாகம், மக்னீசியம் போன்ற டயா காந்த அயனிகளுக்கு இடையே சிறிதளவு மட்டும் சேர்த்து நீர்ப்பிப்பது இன்று பெருவழக்கு. பரிமாற்ற இடைவினையைத் தவிர்த்து, ஒவ்வோர் அயனியின் கோட்டையும் தனித்துக் காண்பதே அதன் நோக்கம். முன்னுரையில் கூறப்பட்ட மாணவரின் செய்முறை இதனை அடியொற்றியதே.

8. வேதிப் பெயர்ச்சியும் வளைய மின்னோட்டமும்

டயா காந்த அளவீடுகளின் தாக்கம் அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் வெளிப்பட்டது. 1945-46இல் ஹார்வர்டில் பர்செல் குழுவினரும் ஸ்டான்ஃபோர்டில் பிளாக் குழுவினரும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர்; 1952ஆம் ஆண்டின் நோபல் பரிசு பர்செல், பிளாக் இருவருக்கும் வழங்கப்பட்டது. ஒரு டெஸ்லா புலத்தில் புரோட்டானின் ஒத்ததிர்வு அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்சு. ஆயினும் அணுக்கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள் புலத்தைச் சற்றே மறைப்பதால், வேதிச் சூழலுக்கேற்ப இம்மதிப்பு நுட்பமாக மாறுகிறது. இதுவே வேதிப் பெயர்ச்சி.

பென்சீன் வளையத்தின் புரோட்டான்கள் ஏறத்தாழ 7.3 பிபிஎம் இடத்தில் ஒத்ததிர்வு கொள்கின்றன. எத்திலீனின் புரோட்டான்களுக்கு இது 5.3 அளவிலேயே உள்ளது. முதுகலை வேதியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் இவ்வேறுபாட்டுக்கு, வளையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் உருவாக்கும் மின்னோட்டமே காரணம் என்று போப்பிள் 1956ஆம் ஆண்டு விளக்கினார். வளைய மின்னோட்டம் என்னும் இக்கருத்தைப் பாலிங் 1936ஆம் ஆண்டில் முன்வைத்தது, அரோமேட்டிக் மூலக்கூறுகளின் டயா காந்தத் திசையொப்பின்மையை விளக்குவதற்காகவே. அவர் தம் கணக்கீடுகளைச் சரிபார்க்கக் கிருஷ்ணனின் அளவீடுகள் உதவின. இழையின் முறுக்கத்தில் தொடங்கிய எண்கள், ஒரு தலைமுறைக்குப் பின் நிறமாலைக் கோட்டின் இடத்தை விளக்கும் கோட்பாட்டுக்கு அடிப்படையாயின.

9. இந்திய ஆய்வகங்களில் ஒத்ததிர்வு

ஒத்ததிர்வு ஆய்வில் இந்தியர் பங்கு தொடக்க ஆண்டுகளிலேயே அமைந்தது. எத்தனாலின் மூவகைப் புரோட்டான்களும் மூன்று தனிக் கோடுகளாகத் தோன்றுவதைக் காட்டிய 1951ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு கட்டுரையில் ஆர்னால்டு, பேக்கார்டு ஆகியோருடன் எஸ். எஸ். தர்மாத்தியும் ஓர் ஆசிரியர். பின்னர் அவர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார். அதே 1951ஆம் ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஜி. சூரியன், ஓடும் நீர்மங்களில் அணுக்கரு ஒத்ததிர்வை ஆராய்ந்து வெளியிட்டார். குருதியோட்டத்தைக் காந்த ஒத்ததிர்வால் அளக்கும் இன்றைய மருத்துவ முறைகளின் வரலாற்றில் இக்கட்டுரை முன்னோடியாகக் குறிக்கப்படுகிறது.

திசையொப்பின்மை என்னும் கருத்து இவ்வளர்ச்சியிலும் தொடர்ந்தது. பி. டி. நரசிம்மன் 1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேக்ஸ் ரோஜர்சுடன் எழுதிய கட்டுரை, அமைடுகளில் புரோட்டான் மறைப்பை வேதிப் பிணைப்புகளின் காந்தத் திசையொப்பின்மையைக் கொண்டு விளக்கியது. பின்னர்க் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகி அங்கு காந்த ஒத்ததிர்வு ஆய்வை வேரூன்றச் செய்த நரசிம்மன், 1970ஆம் ஆண்டு பட்நாகர் பரிசு பெற்றார். கான்பூரில் முனைவர் பட்டம் பெற்ற அய்யலுசாமி ராமமூர்த்தி, வூ, ஒபெல்லா ஆகியோருடன் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட பிசெமா என்னும் திண்மநிலை அணுக்கரு ஒத்ததிர்வு முறை, உயிரணுச் சவ்வில் பொதிந்த புரதச் சுருள்கள் எவ்வளவு சாய்ந்துள்ளன என்பதைக் கண்டறிய உதவுகிறது. காந்தத் திசையொப்பின்மையிலிருந்து மூலக்கூறின் கிடக்கையை உய்த்துணர்வதே இம்முறைக்கும் அடிப்படை. நாப்தலீன் படிகத்தில் கிருஷ்ணன் எழுப்பிய வினா, புரதத்தைப் பற்றிய வினாவாக இங்கே வடிவம் மாறியுள்ளது.

10. பிற்காலப் பணி

1942ஆம் ஆண்டு அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரான கிருஷ்ணன், 1947ஆம் ஆண்டு புதுதில்லியில் அமைந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். நிருவாகப் பொறுப்புகளுக்கு இடையிலும், சூடேற்றப்பட்ட திண்மங்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுவது, வெற்றிடத்தில் மின்னோட்டத்தால் சூடேறும் கம்பியில் வெப்பநிலை பரவும் விதம் ஆகியவற்றை எஸ். சி. ஜெயின் முதலியோருடன் ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும், 1958ஆம் ஆண்டு முதலாவது பட்நாகர் பரிசும் பெற்றார். 1961ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார். ராயல் கழகத்தின் வாழ்க்கைக் குறிப்பு வரிசையில் அவரைப் பற்றி எழுதியவர்கள் லான்ஸ்டேலும் ஹோமி பாபாவும் ஆவர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கிருஷ்ணனின் படிகக் காந்தவியல், இராமன் விளைவுக்குப் பிந்தைய ஒரு துணைப்பணி அன்று. ஒளியியல் ஆய்வில் எழுந்த வினாவைப் பின்தொடர்ந்து சென்று அவர் உருவாக்கிய தனித்துறை அது.

அயனியின் காந்தப் பண்பை அதன் சுற்றுப்புறம் வடிவமைக்கிறது என்னும் படிகப் புலக் கோட்பாட்டுக்கு அவருடைய பாரா காந்த அளவீடுகள் முதற்சான்றுகளுள் அடங்கும். எலக்ட்ரான் ஒத்ததிர்வு நிறமாலைகளை விளக்க இன்றும் அக்கோட்பாடே பயன்படுகிறது. அவருடைய டயா காந்த அளவீடுகள், வளைய மின்னோட்டக் கருத்தின் வழியே வேதிப் பெயர்ச்சியின் விளக்கத்தோடு தொடர்புறுகின்றன.

ஒத்ததிர்வு முறை திருப்பு விசை முறையை விஞ்சியது உண்மை. எனினும் எந்தப் படிகத்தை ஆராய வேண்டும், அதில் எதைத் தேட வேண்டும் என்பது பல இடங்களில் முன்னரே தெளிவாகியிருந்தது. கருவி மாறியபோதும் வினா மாறவில்லை.

இம்முடிவு தமிழகக் கல்லூரிகளின் இன்றைய ஆய்வுச் சூழலுக்கும் பொருந்துவது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் பயிலும் ஆய்வு மாணவர் படிகத்தைத் தம் கல்லூரியிலேயே வளர்த்தாலும், ஒத்ததிர்வு நிறமாலைக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற இடங்களையே நாட வேண்டியுள்ளது. மாதிரியை அனுப்பி, வந்த நிறமாலையை இணைத்து, மதிப்புகளை அட்டவணைப்படுத்துவதோடு ஆய்வு நின்றுவிடுமாயின், கருவி தந்ததை எடுத்தெழுதியதாக மட்டுமே அது அமையும். இப்படிகத்தில் இந்த அயனி ஏன் இத்திசையில் இவ்வாறு நடந்துகொள்கிறது என்று கேட்கும்போதுதான் அந்நிறமாலை பொருள் பெறுகிறது. அவ்வினாவைக் கேட்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதற்கு டாக்காவில் தொங்கிய குவார்ட்சு இழையே சான்று.